தூண் கழுவிய எதெல்மிரா

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் தெருவைக் கடக்கும் எதெல்மிரா சசுவேத்தாவுக்காக வண்டிகள் தாமாகவே நின்றுவிடும். முன்னால் அவர், கையில் பிளாஸ்டிக் வாளியோடு. பின்னால், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி, வேலைக்குப் போகிற தாய்கள் அவர் வீட்டில் விட்டுப்போன பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் தோளிலும் பழைய துண்டிலிருந்து கிழித்த ஒரு துணி. வரிசையின் கடைசியில் வருகிற பிள்ளை எப்போதும் எதையாவது நடுத்தெருவில் போட்டுவிட்டு நிற்கும். அதை எடுத்துக் கொடுக்க ஏதாவதொரு வண்டியிலிருந்து ஆள் இறங்குவான். யாரும் ஹாரன் அடித்ததில்லை.

அவர்கள் பாலத்தடிப் பூங்காவுக்குப் போகிறார்கள், எதெல்மிராவின் தம்பி நசாரியோ வரைந்த தூணைக் கழுவ.

பாலம் எங்கள் பேட்டையின் தலைக்கு மேலே வளைந்து, விரிகுடாவைத் தாண்டி, ஓட்டல்கள் இருக்கிற அக்கரைக்குப் போகிறது. அதன் கால்களை ஊன்றுவதற்காகத்தான் எங்கள் வீடுகளை இடித்தார்கள். கால்களுக்கு நடுவே மிஞ்சிய மண்ணைப் பேட்டைக்காரர்கள் சண்டை போட்டு வாங்கிப் பூங்காவாக்கினார்கள். பிறகு ஒவ்வொரு காலிலும் படம் வந்தது. திராட்சைத் தோட்டத்து ஆட்கள், கன்னி மரியாள், பழைய தேவர்கள், புரட்சிக்காரர்கள், பக்கத்துத் தெருவில் செத்துப்போன பையன்கள், எல்லோரும் தூண்களில் ஏறினார்கள். நசாரியோ கப்பல் பட்டறையில் சாயம் அடிக்கிறவன். அவன் பிடித்த தூண் பூங்காவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. ஏன் அந்தத் தூண் என்று கேட்டால், "எங்க வீட்டுக் கக்கூஸ் இருந்த இடம் அது. வேற யாரும் உரிமை கொண்டாட முடியாது" என்பானாம்.

அவன் வரைந்தது சூரை மீன் ஆலையின் இரவுப்பணிப் பெண்களை. நீண்ட மேசை, அதன் பின்னால் வெள்ளைத் தொப்பியும் ரப்பர் ஏப்ரனும் கட்டிய பெண்கள், கையில் கத்தி, மேசை முழுக்க வெள்ளி மீன்கள். முகங்கள் எல்லாம் பேட்டையின் முகங்கள். அவனுடைய அம்மா இருந்தார், எதெல்மிராவின் தோழி சாயோவின் அம்மா இருந்தார், மூலைக்கடைக்காரரின் பாட்டி இருந்தார். பெரிய ஓவியம் என்று நான் சொல்ல மாட்டேன். கைகள் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தன, மீன்கள் எல்லாம் ஒரே அச்சு. ஆனால் அந்தப் பெண்களைத் தெரிந்தவர்கள் அங்கே வந்து நின்றால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு படத்துக்கு அது போதும் என்றுதான் நினைக்கிறேன்.

எதெல்மிராவும் அந்த ஆலையில் மீன் சுத்தம் செய்தவர்தான். பதினைந்து வயதில் அம்மாவோடு போக ஆரம்பித்தார். அம்மா சீக்கிரம் போய்விட, நசாரியோவை வளர்த்தது அவர். ஆலையை மூடியபின் அக்கரையில் வீடுகளில் தரை துடைத்தார், ஓட்டல் குளியலறைகளைத் தேய்த்தார். முழங்கால் போனபிறகு, அதே ஓட்டல்களுக்கு வேலைக்குப் போகிற இளம் தாய்களின் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "ஒருத்தனை வளர்த்துட்டேன், இன்னொருத்தனை வளர்க்கத் தெம்பில்லை" என்றார். அந்த ஒருத்தனும் நாற்பதைத் தாண்டவில்லை. பட்டறைத் தூசி அவன் நுரையீரலில் உட்கார்ந்துவிட்டது.

அவன் அடக்கம் முடிந்த வாரம் எதெல்மிரா பூங்காவுக்குப் போனபோது, தூணில் மேசை ஓரத்துப் பெண்ணின் தொப்பிமேல் புறா எச்சம் வழிந்திருந்தது. வீட்டுக்குப் போய் வாளி, சோப்புத்தூள், தேய்க்கும் பிரஷ் எல்லாம் எடுத்துவந்தார். எச்சத்தைக் கழுவினார். பிறகு பாலத்துப் புகைக்கரியைக் கழுவினார். அப்படியே முழுத் தூணையும், கை எட்டும் உயரம் வரை. எட்டாத இடத்துக்கு அடுத்த மாதம் ஏணி கொண்டுவந்தார். கல்லறையில் அவர் பூ வைத்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த துக்கம் தேய்த்துக் கழுவுவது. வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டை அப்படித்தான் பேணினார். தம்பியையும் வேறு எப்படிப் பேணுவார்?

பிள்ளைகள் சேர்ந்துகொண்டது பிறகு. வீட்டில் விட்டுவிட்டு வர முடியாதே. அதனால் ஆளுக்கொரு துணி கொடுத்தார். அவர்களுக்கு அது விளையாட்டு. சிறியவர்கள் மீன்களைக் கழுவுவார்கள், கொஞ்சம் பெரியவர்கள் ஏப்ரன்களை, ஏணியில் நின்று எதெல்மிரா முகங்களை. முடிந்ததும் எல்லோருக்கும் குச்சி ஐஸ். பேட்டையில் இன்று முப்பது வயதாகிற பாதிப்பேர் அந்தத் தூணைக் கழுவியவர்கள்.

"கொமாத்ரே," என்று எதிர் பெஞ்சிலிருந்து சாயோ கத்துவாள். இருவரும் ஒரே பிள்ளைக்கு ஞானத்தாயும் தாயுமாகி, அந்த உறவைச் சொல்லியே கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். "கொமாத்ரே, தேய்ச்சுத் தேய்ச்சு பாலத்தையே கீழ இறக்கிடாதீங்க! என் மருமகன் இப்பதான் மேல வண்டியில போறான்!"

"உங்க மருமகன் விழுந்தா பேட்டைக்கு நல்லதுதானே!"

"அது சரி, ஆனா வண்டி என் பேர்ல இருக்கே!"

பூங்காவில் ஒரு வழக்கம் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை. தூணில் முதலில் வரைந்தவர் யாரோ, அந்தத் தூணைப் பற்றிய கடைசிச் சொல் அவருடையது. அவர் போனபின் அவர் வீட்டாருடையது. அவர்கள் சரி என்று சொல்லாமல் யாரும் அதன்மேல் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார்கள். பாலத்தைக் கட்டிய அரசாங்கத்துக்கு அங்கே சொல் கிடையாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரசாங்கமும் இதுவரை மறுக்கவில்லை.

வெயிலிலும் கடற்காற்றிலும் படங்கள் மங்கத் தொடங்கியபோது பூங்காக் குழு ஒவ்வொரு தூணாகப் புதுப்பிக்க முடிவெடுத்தது. அந்த வேலையைத் தலைமை தாங்கிச் செய்தவள் இட்செல். எதெல்மிரா வீட்டில் வளர்ந்த பிள்ளைதான். ஓவியம் படித்துவிட்டுத் திரும்பி வந்து, பழைய கோடுகளை அப்படியே படியெடுத்து, வெயில் தாங்கும் சாயத்தில் மறுபடி நிரப்பும் வேலையைக் கற்றிருந்தாள். வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டாள். கொடுத்தார்கள். எதெல்மிரா கொடுக்கவில்லை.

சில வருடம் கழித்து இட்செல் மறுபடி போனாள். துணைக்கு என்னையும் அழைத்துப் போனாள். எதெல்மிரா பட்டை போட்ட காபியும் சர்க்கரை மேலோடு வைத்த ரொட்டியும் எடுத்து வைத்தார். உள்ளறையில் பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார்கள்.

"தீயா," என்று ஆரம்பித்தாள் இட்செல். அத்தை என்றும் சித்தி என்றும் பொருள்படுகிற அந்தச் சொல்லால்தான் எதெல்மிரா வளர்த்த பிள்ளைகள் எல்லாம் அவரைக் கூப்பிடுவார்கள். "எல்லாத் தூணும் முடிச்சுட்டோம். உங்களோடது மட்டும்தான் பாக்கி."

"என்னோடதுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. மாசாமாசம் கழுவறேன்."

"அதான் தீயா..."

"அதான்னா?"

இட்செல் காபிக் கோப்பையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. கொஞ்சம் மங்கிடுச்சு, அவ்வளவுதான்."

"நானும்தான் மங்கிட்டேன். என்மேல சாயம் அடிப்பியா?"

"நீங்க சரின்னா அடிக்கிறேன். என்ன கலர் வேணும்?"

எதெல்மிரா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எங்கள் பேட்டையில் மகளே என்பதற்கான செல்லச் சொல்லோடு சொன்னார்: "மீஹா, நீ கெட்டிக்காரி. எனக்குத் தெரியும். ஆனா அவன் போட்ட கோட்டுக்கு மேல நீ ஒரு கோடு போட்டா, அப்புறம் அதை வரைஞ்சது யாரு? அவனா, நீயா?"

"கோட்டு மேலயே கோடு போடுவேன் தீயா. ஒரு மயிரிழை தள்ளாது."

"அதைத்தான் கேக்கறேன். யாரு?"

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மிகப் பழங்காலத்திலிருந்தே மனிதர்கள் மண்டையை உடைத்திருக்கிறார்கள். பதில் வந்ததாக நான் படித்ததில்லை. எதெல்மிரா அதை ரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். இட்செல் தன் காபியை முடித்தாள். வெளியே வந்ததும் நடைபாதையில் நின்று, "மங்கிடுச்சாம்! நான் ஒரு கோழை" என்றாள். "அவங்க கழுவிக் கழுவித்தான் போகுதுன்னு அவங்க முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது? நானும்தான் அஞ்சு வயசுல அந்த மீனையெல்லாம் தேய்ச்சேன்."

அது இட்செலுக்கு மட்டும் தெரிந்த விஷயமில்லை. சனிக்கிழமைகளில் அந்த வாளித் தண்ணீரை எதெல்மிரா கள்ளிப் பாத்தியில் கொட்டும்போது அது என்ன நிறத்தில் இருந்தது என்று பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த எல்லோரும் பார்த்தோம். முதலில் கரி நிறம். பிற்பாடு சாம்பல். கடைசி வருடங்களில் வெளிர்நீலம். தூணிலிருந்து மீன்கள் முதலில் போயின, பிறகு மேசை. முகங்கள் வெறும் நிழலாயின. ஆனாலும் அவருடைய தூண், அவருடைய தம்பி. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்பிள்ளை முழங்கால் வலியோடு ஏணியில் ஏறி நின்று கழுவுகிறபோது, கீழே நின்று "கழுவாதீங்க" என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம். அந்தத் தூணில் எங்கள் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள் என்பதை அந்த மரியாதை மறைத்துவிட்டது.

ஏப்ரலில் பூங்காவின் ஆண்டுவிழா வரும். அதற்கு முந்தைய மாதத்துக் கழுவலை எதெல்மிரா கூடுதல் சோப்போடு செய்வார். அந்த வருடம் மார்ச்சில் காற்று பலமாக இருந்தது. பிள்ளைகளில் புதியவள் பிரிசா. நான்கு வயதிருக்கும். அம்மா ஓட்டலில் படுக்கை விரிக்கிறவள். எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்கிற பிள்ளை.

"தீயா, என்னோட துணியப் பாருங்க."

"அழுக்கா இருந்தா வாளியில முக்கு, மீஹா."

"அழுக்கு இல்ல. அந்த அம்மா என் துணிக்கு வந்துட்டாங்க."

எதெல்மிரா ஏணியில் நின்றபடியே சொன்னார்: "அழுக்குதான். பாலத்துல வண்டி போகுதில்ல, அந்தப் புகை."

"புகை கறுப்பு. இது ரோஸ்."

"முக்கு, போ."

பிரிசா முக்கவில்லை. ஏணியின் கீழே வந்து துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து மேலே காட்டினாள். மற்றப் பிள்ளைகளும் தங்கள் துணிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். "என்னோடது நீலம்!" என்றான் ஒருவன். "எனக்கு மஞ்சள்! நான்தான் ஜெயிச்சேன்!" என்றாள் இன்னொருத்தி. யாரிடம் அதிக நிறம் என்று போட்டி தொடங்கிவிட்டது. நிறம் வேண்டுமென்று ஒருவன் தூணுக்கு ஓடி இன்னும் வேகமாகத் தேய்த்தான்.

"நிறுத்துங்க!"

எதெல்மிரா அப்படிக் கத்தி அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை. பெஞ்சில் இருந்த நாங்களும் கேட்டதில்லை. ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினார். பிரிசாவின் துணியை வாங்கிப் பார்த்தார். தன் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு தூணில் இன்னும் நனையாத ஓர் இடமாகப் பார்த்து, உலர்ந்த உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்தார். கையைத் திருப்பினார். மாவைத் தொட்டதுபோல் கை முழுக்க வெளிறிய ஆரஞ்சு நிறம் படிந்திருந்தது. ஏப்ரன்களின் நிறம்.

"ஊஞ்சலுக்குப் போங்க எல்லாரும்," என்றார்.

"கழுவி முடிக்கலியே?"

"போங்க."

சாயோ எழுந்து வந்தாள். வழக்கம்போல ஏதாவது கிண்டல் செய்ய வாயெடுத்தவள், எதெல்மிராவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"கொமாத்ரே, உங்கம்மா இதுல எங்க நிக்கிறாங்க?"

சாயோ விரலை நீட்டினாள். "இந்தப் பக்கத்துலேர்ந்து மூணாவது."

"இப்ப தெரியறாங்களா?"

சாயோ நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"எத்தனை நாளா தெரியல?"

"நாளாச்சு, கொமாத்ரே."

"ஏன் சொல்லல?"

"உங்க தூணு. சின்னப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து நீங்க படற பாட்டைப் பாத்துட்டு... எப்படிச் சொல்ல? மருமகன் பாலத்துலேர்ந்து விழறதப் பத்திக்கூட உங்ககிட்ட கேலி பேசுவேன். இதைச் சொல்ல முடியல."

அன்று குச்சி ஐஸ் இல்லை. அதற்காகப் பிள்ளைகள் அழுதன. சாயோதான் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்துப் போனாள். எதெல்மிரா நேராகப் பூங்காவின் மறுகோடிக்கு நடந்தார். அங்கே சாரத்தில் உட்கார்ந்து, முன்பே முடித்த தூணில் ஒரு தேவனின் உரிந்த இறகுக் கிரீடத்துக்கு மறுபடி பச்சை நிரப்பிக்கொண்டிருந்தாள் இட்செல். நானும் அங்கே போய்ச் சேர்ந்தபோது இட்செல் கீழே இறங்கிவிட்டிருந்தாள்.

"உண்மையச் சொல்லு. நான் கழுவாம விட்டிருந்தா?"

"வெயில்லயும் போயிருக்கும் தீயா. பட்டறைச் சாயம் அது, இரும்புக்கு அடிக்கிறது. மேல மேல மாவாயிட்டே இருக்கும்."

"நான் கேட்டது அது இல்ல."

இட்செல் பிரஷ்ஷைத் துடைத்தாள். துடைத்தபின்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாவை யாரும் தொடாம இருந்தா அதுவே ஒரு போர்வை மாதிரி நிக்கும். முகங்க இருந்திருக்கும், தீயா."

"நீ முதல்ல வந்து கேட்டப்ப நான் சரின்னிருந்தா?"

"அப்பக் கோடு தெரிஞ்சுது."

எதெல்மிரா தலையை ஆட்டினார். கடையில் பொருள் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் ஆட்டுவோமே, அதுபோல. "சரி. இப்ப பண்ணு. என் வாயால சொல்றேன், இவரு சாட்சி."

அடுத்த வாரம் இட்செல் தாளும் கரித்துண்டுமாக எதெல்மிராவைத் தூணின் முன் உட்கார வைத்தாள். படியெடுக்கக் கோடு இல்லை. நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். வேறு யாரைவிடவும் அந்தத் தூணின்மேல் அதிகம் கை வைத்தவர் எதெல்மிரா. அவரைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

"உங்கம்மா எந்தப் பக்கம் பாத்தாங்க? மீனையா, நம்மளையா?"

எதெல்மிரா யோசித்தார். "நம்மளத்தான்... இல்ல. இரு."

"கண்ணு திறந்திருந்துச்சா? சிரிச்சாங்களா?"

"நெத்தியில ஒரு கீறல் மாதிரி சாயம் திரண்டு இருக்கும். விரலுக்குத் தட்டும். மூக்கு நுனி வழவழன்னு இருக்கும், அங்க அவன் ரெண்டு தடவை அடிச்சிருக்கான். தொப்பி ஓரத்துல கான்கிரீட் பிளவு. துணி அதுல மாட்டும்."

"பார்வை, தீயா. பார்வை எந்தப் பக்கம்?"

அவருக்குத் தெரியவில்லை. நசாரியோ வரைந்த நாட்களில் அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். அவர் பார்த்தது தம்பியின் செருப்பை, அது வழுக்கிவிடுமோ என்று. அவன் இறந்தபின் அவர் பார்த்தது, ஒரு முழத் தூரத்தில், துணிக்கு முன்னால் இருக்கிற ஒரு சாண் சுவரை. எல்லோரும் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்துகிற இடத்தில் வந்து நின்று அந்தப் பெண்களை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அங்கே எப்போதும் வேலை இருந்தது.

தொட்டுத் தெரிந்துகொள்வதும் பார்த்துத் தெரிந்துகொள்வதும் ஒரே அறிவின் இரண்டு வாசல்கள் என்று இளவயதில் எங்கோ வாசித்து அடிக்கோடு போட்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒன்றில் நெடுநாள் நின்றவருக்கு மற்றது மூடிக்கொண்டுவிடலாம்.

எங்களையும் கேட்டாள் இட்செல். மூன்றாவது பெண் நிமிர்ந்து பார்த்தாள் என்று சாயோ சத்தியம் செய்தாள். குனிந்திருந்தாள் என்று அவள் அக்கா சத்தியம் செய்தாள். நான் எல்லாம் நினைவிருப்பதாக நம்பித்தான் வாயைத் திறந்தேன். திறந்தபிறகு சொல்வதற்கு நீளமான மேசை மட்டும்தான் இருந்தது. புகைப்படம் கொண்டுவரச் சொன்னாள். பேட்டையே ஆல்பங்களோடு வந்தது. பதினைந்தாவது பிறந்தநாளுக்குப் பெரிய பாவாடை கட்டிய பெண்கள், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய பிள்ளைகள், தரையை ஒட்டித் தாழ்த்தி, மெழுகு போட்டுத் துடைத்த கார்கள், கல்யாண ஜோடிகள். எல்லோரும் நசாரியோவின் தூணுக்கு முன்னால். எல்லோரும் நட்டநடுவில், முகங்களை மறைத்துக்கொண்டு. ஒரு தலைக்கும் இன்னொரு தலைக்கும் இடையில் அரைத் தொப்பி, ஒரு தோள், ஒரு கத்தியின் நுனி. எல்லாவற்றையும் தரையில் பரப்பி அடுக்கியபோது படத்தின் விளிம்பு முழுசாகக் கிடைத்தது. நடுவில் நாங்கள்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"என்ன ஜனங்க!" என்றாள் சாயோ. "ஒருத்தராவது கொஞ்சம் தள்ளி நின்னிருக்கக் கூடாதா? என் பொண்ணோட பாவாடை என் அம்மாவையே முழுங்கியிருக்கு பாருங்க."

சிரித்தார்கள். எதெல்மிராவும் சிரிக்கப் பார்த்தார்.

கடைசியில் வீடுகளில் இருந்த பழைய அடையாள அட்டைகளையும் கல்யாணப் படங்களையும் வைத்து இட்செல் முகங்களை எழுதினாள். நன்றாகவே எழுதினாள். கைகள் இப்போது உடம்புக்குப் பொருந்தி இருக்கின்றன. மீன்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. தொழில் என்று பார்த்தால் முன்னதைவிட இது மேல். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் உண்மை அதுதான். வெள்ளைப் பூச்சு அடித்து அடிப்பரப்பைத் தயார் செய்த அன்று எதெல்மிரா வரவில்லை. மற்ற நாட்களில் பிள்ளைகளோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஊஞ்சலுக்கும் பெஞ்சுக்குமாக ஓடின.

வேலை முடிந்ததும் கீழ் மூலையில் பெயர் எழுத வேண்டும். நசாரியோ சசுவேத்தா, அதன் அடியில் சின்னதாகப் புதுப்பித்தவர் இட்செல். மற்றத் தூண்களில் அப்படித்தான் இருக்கிறது.

"உன் பேரைப் போடு," என்றார் எதெல்மிரா.

"ரெண்டு பேரையும் போடறேன் தீயா. வழக்கம் அதான்."

"வழக்கப்படி கடைசிச் சொல் என்னோடதுதானே? நான் சொல்றேன். அவன் பேரை எழுதாதே. இது அவன் பண்ணினது இல்ல."

"அவர் நினைச்ச படம்தானே? அவர் வெச்ச பொம்பளைங்கதானே?"

"நினைச்சது அவன். வரைஞ்சது நீ. அவன் வரைஞ்சது வாளியில போச்சு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "கோவிச்சுக்காதே மீஹா. அழகா இருக்கு. நிஜமாவே" என்றார்.

இட்செல் அவர் சொல்லை மீறவில்லை, தன் பெயரை எழுதவும் மனம் வரவில்லை. மூலை வெறுமையாகவே நின்றது.

ஆண்டுவிழா அன்று மழை மேகம் இருந்தும் கூட்டம் குறையவில்லை. சங்கு ஊதினார்கள், இறகு கட்டியவர்கள் ஆடினார்கள், வறுத்த சோளத்தின்மேல் மிளகாய்த்தூள் பறந்தது. எதெல்மிரா தன் பிள்ளைகளோடு புதிய தூணின் பக்கத்தில் நின்றார். மேடையில் குழுத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஒவ்வொரு வருடமும் அவர் மறைந்த ஓவியர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் முழுக்க ஒரே குரலில் "இருக்கிறார்!" என்று பதில் சொல்லும். அந்த ஓவியரின் வீட்டார் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எதெல்மிராவின் குரல் எப்போதும் தெருவரைக்கும் கேட்கும்.

"நசாரியோ சசுவேத்தா!"

"இருக்கிறார்!" என்றோம் எல்லோரும். பிள்ளைகள் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார்கள். சாயோ கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எதெல்மிரா வாய் திறக்கவில்லை.

அடுத்த பெயர் வந்தது. அதற்கும் பதில் சொன்னோம்.

பிரிசா அவர் பாவாடையை இழுத்தாள். "தீயா, உங்க தம்பி பேரைக் கூப்பிட்டாங்க. நீங்க சொல்லல."

"கேட்டேன்."

"எல்லாரும் சொன்னாங்க. நீங்க ஏன் சொல்லல?"

எதெல்மிரா குனிந்து, பிள்ளையின் காதோரம் கலைந்த முடியை ஒதுக்கினார். "பொய் சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கறேன் இல்ல," என்றார்.

பிரிசா தூணை அண்ணாந்து பார்த்தாள். அங்கே நிற்கிற பெண்கள் எல்லோரும், இட்செல் தீர்மானித்தபடி, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் இன்னும் பெயர்கள் இருந்தன.